லீவ் என்ற வினைச்சொல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு மார்ச் முதல் ஞாயிறன்று, பிரான்சின் பூலோன் துறைமுகத்தில் மீன் அரியும் வேலை பார்த்த ஜிஸ்லேன், பெட்டியும் கையுமாக வாசலைத் தாண்டித் தன் வீட்டுச் சமையலறைக்குள்ளேயே வந்து நின்றாள். மறுபடி தாண்டினாள், மறுபடியும் சமையலறை. பின்கதவும் அப்படியே. ஜன்னல் வழியே கையை நீட்ட முடிந்தது, தோளை நீட்ட முடியவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டனில், அவளுக்கு வேலை தருவதாக இருந்த ஓட்டல்காரர்கள் இரண்டு வாரம் பொறுத்து வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். கணவன் ரெஜிஸ் மட்டும் தாராளமாகப் போய்வந்தான். "எனக்கு சூப் வைக்க ஆள் வேணும்னு வீட்டுக்கே தெரிஞ்சிருக்குடி" என்று சிரித்தான். குடித்துவிட்டு வரும் நாட்களில் சிரிக்கமாட்டான், அடிப்பான்.

மாலை வகுப்பில் அவளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த தெனிஸ், ஜன்னலுக்கு வெளியே நாற்காலி போட்டு விசாரித்தாள்.

"வாசப்படியில என்ன சொன்னீங்க?"

"நான் கெளம்பறேன்னு இங்கிலீஷ்ல சொல்லிப் பாத்தேன்."

சொல்லிக் காட்டியதும் தெனிஸுக்கு விளங்கிவிட்டது. பிரெஞ்சில் கிளம்புவதற்கு ஒரு சொல், ஒருவரைப் பிரிவதற்கு இன்னொன்று, பொருளை விட்டுவைக்க வேறொன்று. ஆங்கிலேயருக்கு எல்லாவற்றுக்கும் 'லீவ்'தான். ஆனால் நீட்டாமல் 'லிவ்' என்றால் குடியிருப்பது.

"இங்கயே குடியிருக்கேன்னு சொல்லிட்டீங்க. வீடு நம்பிடுச்சு."

நான்கு வருஷம் செவ்வாய்தோறும் ஜன்னலில் பாடம் நடந்தது. பூலோன் வாய்க்கு அந்த நீட்டல் படியவே இல்லை. ஐந்தாம் வருஷம் ஒரு செவ்வாய் மதியம், பாடத்துக்கு நடுவில் ரெஜிஸ் பெல்ட்டை உருவினான். அவனைப் பார்த்து ஜிஸ்லேன் "லீவ்!" என்று கத்தினாள். நீட்டலின் அளவு துல்லியமாக இருந்ததென்று தெனிஸ் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள். அடுத்த நொடி ரெஜிஸ் பெல்ட்டும் கையுமாகத் தெருவில் நின்றான். உள்ளே எடுத்துவைத்த கால் தெருவிலேயே இறங்கியது. மூன்று நாள் முட்டிப் பார்த்துவிட்டு தான் ஓட்டும் மீன் லாரியில் குடியேறினான்.

"அதே மாதிரி இப்ப உங்களுக்குச் சொல்லிக்குங்க" என்றாள் தெனிஸ். ஜிஸ்லேன் சொன்னாள், குறுகிவிட்டது. கோபமில்லாமல் அது நீளவில்லை, தன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அன்று மேஜையில் ஒரே ஒரு தட்டு வைத்து, நிதானமாகச் சாப்பிட்டாள்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வந்தவர் ஜன்னலருகே நின்று கேட்டார்.

"வீட்டுக்காரர்?"

"வெளிய. உள்ள வர முடியாது."

"நீங்க?"

"உள்ள. வெளிய வர முடியாது."

அவர் தலையாட்டிவிட்டு, இருவருக்கும் தனித்தனித் தாள் எடுத்தார்.