பட்டியலில் இல்லாத பாட்டு

நாற்பத்திமூன்று பேருடைய பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதிய தாளைப் பௌஸி ஒரு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். வருகிற ஒவ்வொருவரும் தன் பெயரைத் தானே தேடிப் பிடித்து, அதற்கு நேரே கையெழுத்து வைத்துவிட்டுத்தான் கதிரைக்குப் போகலாம். பாட்டுக் கேட்க வந்தவர்களா, பிணைக்குக் கையெழுத்து வைக்க வந்தவர்களா என்று சொல்ல முடியாத முகங்கள். "ஒண்டும் பயப்பட வேணாம், சும்மா ஒரு முறைக்குத்தான்" என்று பௌஸி எல்லாருக்கும் ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்லச் சொல்லத்தான் ஆட்களுக்குப் பயம் கூடியது.

புதன்கிழமை பின்னேரம் நாலரை மணி. கச்சேரி வைக்கிற நாளும் இல்லை, நேரமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கேட்டதற்குப் பொலிஸ் மாட்டேன் என்றுவிட்டது. இருட்டுமுன் எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும், பாடுகிற பாட்டுகளின் பட்டியலைச் சிங்களத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், வருகிறவர்களின் விபரம் முன்கூட்டியே தரவேண்டும், ஒலிபெருக்கி கூடவே கூடாது. இத்தனைக்கும் தலையாட்டிவிட்டு வந்து, என் மனுசன் யேசுரட்ணம் வீட்டில் சந்தோசமாகச் சொன்னார்: "மைக் இல்லாமல் பாடுறதுதான் பாட்டு, நேசம். இனித்தான் பாரும்." ஐம்பத்தொன்பது வயசில் அவருடைய தொண்டை எந்த நிலையில் இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. குளியலறைச் சுவருக்கு இந்தப் பக்கம் சமைக்கிறவள் நான், எனக்குத் தெரியும்.

எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் கிற்றாரோடு பொப் பாட்டுப் பாடித் திரிந்த ஆள். நீளத் தலைமயிர், மணிக்கால் களிசான். அந்தக் கோலத்தைப் பார்த்துத்தான் நானும் விழுந்தேன், யாரை நோவது. இப்போது வெள்ளவத்தையில் பௌஸியின் ரியூட்டரியில் ஓ லெவல் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறார். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் அந்த ரியூட்டரி. அதன் மேல்மாடிதான் அன்றைக்கு மண்டபம். வாங்குகளை ஒரு பக்கம் அடுக்கிவிட்டுக் கதிரை போட்டிருந்தார்கள். கரும்பலகையில் பாதி அழிந்த சமன்பாடு ஒன்று கிடந்தது.

இந்த வயசில் இவருக்கு ஏன் கச்சேரி என்று எங்கள் ஆட்கள் கேட்டிருப்பார்கள். காரணம் என் பக்கத்துக் கதிரையில் இருந்தது. எங்கள் மகள் ஐறீனுக்கு இருபத்திரண்டு வயசு. போன வருசம் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போகும் வழியில் சோதனைச்சாவடியில் மறித்தவர்கள், பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அடையாள அட்டையில் இருந்ததைப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் விட்டார்கள். அதற்குப் பிறகு அவள் படலைக்கு வெளியே வந்தது அன்றைக்குத்தான். அந்த இரண்டு நாளைப் பற்றி நான் கேட்கவில்லை, அவள் சொல்லவும் இல்லை. கேட்காதது என் கோழைத்தனம்தான். அதை வேறு நல்ல பெயர் சொல்லி அழைக்க எனக்கு மனமில்லை.

ரொறன்ரோவிலிருந்து நாகேந்திரம் என்பவர் வந்திருந்தார். வருசத்துக்கு ஒரு தரம் அங்கே இசைவிழா நடத்துகிறவர். இங்கிருந்து ஒரு கலைஞரையும் துணைக்கு ஒருவரையும் கூப்பிட்டுக் கடிதம் கொடுப்பார், அந்தக் கடிதத்துக்கு விசா கிடைக்கும். அப்படிப் போன ஒருவரும் திரும்பி வந்ததாக வெள்ளவத்தையில் நாங்கள் கேள்விப்பட்டதில்லை. அதுதான் அந்த விழாவின் விசேசம். என் மனுசன் பாடப் போகிறவர், ஐறீன் துணை. நான் இங்கேயே இருப்பதென்று நானே முடிவுசெய்து, அதை ஒரு கிழமையாக இரண்டு பேருக்கும் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்தேன். நாகேந்திரத்துக்கு வேண்டியது தன்னுடைய குழுவுக்குக் காட்ட ஒரு வீடியோ. பாட்டும் தெரிய வேண்டும், சனம் ரசிப்பதும் தெரிய வேண்டும். கமராவை மூன்றுகால் தாங்கியில் பூட்டி, பாதி மேடையும் பாதி சனமும் விழுகிற மாதிரி நிறுத்தியிருந்தார்.

எல்லாரும் கையெழுத்து வைத்து முடிந்ததும் பௌஸி தாளைக் கொண்டுபோய்க் கடைசி வரிசையில் இருந்தவரிடம் கொடுத்தார். கட்டம்போட்ட சேட்டு, முப்பது வயசு வராது, நல்ல சிரித்த முகம். பொலிஸ் அனுப்பிய ஆள். அவர் தாளை நாலாக மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார். பௌஸி தட்டில் நீட்டிய ரோல்ஸை "ஸ்தூதி, ஸ்தூதி" என்று நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒருவரும் பின்னுக்குத் திரும்பவில்லை.

என் மனுசன் பொலிஸுக்குக் கொடுத்த பட்டியலின்படியே பாடினார். மாம்பழம் விற்கிறவள் பாட்டு, சைக்கிள் களவுபோன பாட்டு, கல்யாணவீட்டில் சாப்பாடு முடிந்த பாட்டு. ஒரு காலத்தில் இவற்றைக் கேட்டுச் சனம் கதிரையில் ஏறி ஆடியது, நான் கண்ணால் கண்டேன். அன்றைக்கு ஆடுகிற நிலையில் ஆர் இருந்தார்கள்? திங்கட்கிழமை நகரத்துக்குத் தெற்கே ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்திருந்தது. செவ்வாய் முழுக்க எங்கள் ஒழுங்கைகளில் சோதனை. முன்வரிசையில் இருந்த நமசிவாயம் மாஸ்டரைக் கட்டிய சாரத்தோடு றோட்டில் நாலு மணித்தியாலம் நிறுத்தியிருந்தார்கள். அந்த மனிதரிடம் போய் மாம்பழக்காரியைப் பற்றிப் பாடினால் அவர் என்ன செய்வார்? ஒவ்வொரு பாட்டு முடிவிலும் நாலைந்து பேர் கையைத் தட்டுவார்கள், பிறகு சத்தம் கூடிவிட்டதோ என்று நிறுத்துவார்கள். கடற்கரை ரயில் போகும்போது இவருடைய குரல் முழுதாகவே அள்ளுப்பட்டுப் போனது. இவரோ கண்ணை மூடிக்கொண்டு பாடினார். பாவம், கெட்டிக்காரத்தனமாகத்தான் பாடினார்.

இடைவேளையில் பிளேன்ரீ குடித்தபடி நாகேந்திரம் எங்கள் இரண்டு பேரையும் மூலைக்குக் கூட்டிப்போனார்.

"அண்ணை, குறை நினைக்காதையுங்கோ. இந்த மாம்பழம் சைக்கிளுக்கெல்லாம் அங்க சனம் ரிக்கெற் எடுக்காது. நீங்கள் அந்தப் பாட்டைப் படிச்சால்தான் நான் குழுவில கதைக்கலாம்."

எந்தப் பாட்டு என்று இவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

எழுபத்தொன்பதில் இவர் எனக்கென்று கட்டிய மெட்டு அது. என்னுடைய பெயர் வருகிற காதல் பாட்டு. பத்து வருசம் கழித்து இயக்கம் அந்த மெட்டை எடுத்து வேறு சொல், சண்டைக்குக் கூப்பிடுகிற சொல், போட்டது. கேட்டு எடுக்கவில்லை, கேட்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. முதல் நாள் அது ஓட்டோவில் கட்டிய ஸ்பீக்கரில் எங்கள் றோட்டால் போனபோது இவர் படலையில் போய் நின்று கேட்டார். முகத்தில் பெருமை. நான் ஏன் மறைக்க வேண்டும், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு அது பொடியளின் பிரேத ஊர்வலங்களில் போனது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்திப் பாடவைத்தார்கள். தொண்ணூற்றைந்தில் ஊரை விட்டு ஓடி, கடைசியில் கொழும்புக்கு வந்து சேர்ந்த பிறகு இவர் அந்தப் பாட்டைக் குளியலறையில்கூட முணுமுணுத்ததில்லை.

"இஞ்ச அதைப் படிக்கேலாது தம்பி" என்றார் இவர். "பின்னுக்கு ஆள் இருக்கிறார்."

"அப்ப உங்கட விருப்பம் அண்ணை. நான் வெள்ளிக்கிழமை பிளைற் ஏறுறன்."

இவர் என்னைப் பார்த்தார். இருபத்தொன்பது வருசக் குடித்தனத்தில் இவர் ஒரு பாட்டு விசயத்துக்காக என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தரம். நான் பேசாமல் இருந்திருக்கலாம். பேசாமல் இருந்திருந்தால் இவ்வளவும் இல்லை.

"சொல்லை விட்டிட்டு வாசியுங்கோவன்" என்றேன். "கிற்றாரில மட்டும். உங்கட மெட்டுத்தானே. சொல்லில்லாத பாட்டில ஆர் என்ன பிழை பிடிக்கிறது?"

என்ன ஒரு புத்தி எனக்கு. நாகேந்திரத்தின் முகம் மலர்ந்தது. "அக்கா சொல்லுறது நல்ல ஐடியா. கமரா அதைப் பிடிச்சால் காணும். மெட்டைக் கேட்டாலே அங்க சனம் எழும்பி நிக்கும்" என்று கமராவுக்கு ஓடினார்.

இவர் கதிரையில் இருந்து, கிற்றாரை மடியில் சரித்து, ஒன்றும் சொல்லாமல் தொடங்கினார். முதல் வரி முடியவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. சொல் எங்கே போகும்? மெட்டு வந்ததும் சொல்லும் அவரவர் தலைக்குள் வந்துவிட்டது. எனக்குள்கூட வந்தது என் பெயர் இல்லை, மற்றச் சொற்கள்தான். பின்வரிசையில் ஆரோ ரொபி இனிப்பின் பேப்பரைப் பிரித்துக்கொண்டிருந்த சத்தம் பாதியில் நின்றது. நமசிவாயம் மாஸ்டரின் கழுத்து விறைத்துப் போனது. ஒருவரும் எழும்பிப் போக நினைக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் எழும்பினால், இது என்ன மெட்டென்று எனக்குத் தெரியும் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். இலக்கத்தோடு பெயர் அந்தச் சேட்டுப் பையில் கிடக்கிறது. ஆகவே நாற்பத்திமூன்று பேரும் அந்தப் பாட்டை வாழ்க்கையில் முதல்தரம் கேட்கிறவர்களாக இருந்தார்கள். முதல்தரம் கேட்கிறவன்கூடத் தலையைக் கொஞ்சமாவது ஆட்டுவான். இவர்கள் இமைகூட ஆட்டவில்லை.

இவர் அன்றைக்கு வாசித்த மாதிரி நான் முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. வயசாகிய விரல் எப்படி அப்படி ஓடியது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அது எனக்கென்று கட்டிய பாட்டு. அதைத் திருப்பி எடுக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். முடிந்தபோது ஒரு கைதட்டல்கூட இல்லை.

நாகேந்திரம் கமராவை நிறுத்தினார். சின்னத் திரையில் எதையோ ஓட்டிப் பார்த்துவிட்டு என் பக்கமாகக் குனிந்தார். "அக்கா, சனம் செத்த வீட்டில இருக்கிற மாதிரி இருக்குது. இதை நான் ஆருக்குக் காட்டுறது? சரி, போய்ப் பாப்பம்." தாங்கியின் கால்களை ஒவ்வொன்றாக மடக்கத் தொடங்கினார். "பாப்பம்" என்றால் என்னவென்று தெரியாத வயசு எனக்கில்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து கைதட்டல் கேட்டது. ஒரே ஒரு ஆள். பலமாக, ஆசையாக, நிறுத்தாமல் தட்டினார்.

"ஹரி லஸ்ஸனய் அங்கிள்!" நல்ல வடிவு என்றபடி கட்டம்போட்ட சேட்டுக்காரர் எழும்பி, கதிரைகளுக்கு நடுவால் முன்னுக்கு வந்தார். முகத்தில் அதே சிரிப்பு. ஐறீனுக்கு மற்றப் பக்கத்தில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. அதில் இருந்தார். என்னைப் பார்த்து "அங்கிள்கே துவத?" என்று கேட்டார். அங்கிளின் மகளா என்று. நான் "ஓவ்" என்று தலையாட்டினேன்.

"ஏக்க ஆயெத் எக பாரக் கஹன்னகோ" என்றார் இவரிடம். இன்னொருக்கால் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார். மரியாதையாகத்தான் கேட்டார். மெட்டுப் பிடித்துப்போய்க் கேட்டாரா, யார் யாருடைய முகம் மாறுகிறதென்று பார்க்கக் கேட்டாரா, அது அவருக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம். வாசலில் நின்ற பௌஸி சுவரோடு சாய்ந்துவிட்டார்.

இவர் என்னைப் பார்க்கவில்லை. கிற்றாரின் ஒரு தந்தியை முறுக்கிச் சரிபார்த்தார். பிறகு தொடங்கினார். சேட்டுக்காரர் தொடையில் மெதுவாகத் தாளம் போட்டார், தாளம் பிசகவில்லை. சனம் முன்னுக்குப் பார்த்தபடி இருந்தது. கமரா பைக்குள் போய்விட்டது.

ஐறீன் எப்படி இருக்கிறாள் என்று திரும்பினேன். அவள் தகப்பனின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உதடு அசைந்தது. சத்தமில்லை. ஆனால் சொல் இருந்தது. என் பெயர் வருகிற சொல் இல்லை. ஐந்து வயசில், ஆறு வயசில் வெயிலில் நின்று பாடமாக்கிய சொற்கள், ஒன்றும் விடுபடாமல், ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அவளுக்கு அது தெரிந்ததாகவே படவில்லை.

சேட்டுக்காரர் இன்னும் கிற்றாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கைப்பைக்குள்ளிருந்து லேஞ்சியை எடுத்தேன். வியர்வை துடைத்துவிடுகிற தாயைப்போலச் சிரித்துக்கொண்டு, அதை மகளுடைய வாயில் வைத்து அழுத்தினேன். லேஞ்சிக்குக் கீழே ஒவ்வொரு சொல்லும் என் விரலில் தட்டியது. இவர் அப்போதுதான் இரண்டாவது வரிக்கு வந்திருந்தார்.