கழுத்துக்குப் பட்ட பாடு

லமார் டிஸ்டேல் கண் விழித்து எழுந்து உட்கார்ந்தான். உடம்பு கதவைப் பார்த்தது. முகம் மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது. முகத்தைத் திருப்பப் பார்த்தான். காதுக்குக் கீழே சுரீரென்று இழுத்தது. கழுத்துச் சுளுக்கு. அதுவும் இன்றைக்கு!

இன்று டேப் நாள். லாட்டன் என்ற ஊரை ஒட்டிய ராணுவ முகாமில், உயரத்துக்கு உரிய எடையைத் தாண்டியவர்களை டேப் வைத்து அளப்பார்கள். வயிற்றுச் சுற்றளவில் கழுத்துச் சுற்றளவைக் கழித்து, உயரத்தோடு சேர்த்து அட்டவணையில் பார்த்தால் உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று வந்துவிடும். அளவு மீறினால் பதவி உயர்வு கிடையாது. லமார் வசந்த காலத்தில் தோற்றவன். லாரி பழுது பார்க்கிற பிரிவில் அவனிடம் தொழில் கற்ற பையன்கள்கூட சார்ஜென்ட் ஆகிவிட்டார்கள். இப்போது சார்ஜென்ட் பயிற்சிப் பள்ளியில் அவனுக்கு ஓர் இடம் காத்திருந்தது. திங்கட்கிழமை வகுப்பு தொடங்குகிறது. இன்று டேப்பில் தேறினால்தான் அந்த இடம்.

மற்றவர்கள் எல்லாம் வயிற்றைக் குறைக்கப் பாடுபட்டார்கள். லமார் கணக்கை வேறு மாதிரிப் போட்டான். வயிறு பிடிவாதம் பிடிக்கிறது, சரி; கழுத்தைப் பெருக்கிவிட்டால்? அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் தலையில் தோல் வாரைக் கட்டி, அதில் இரும்பு நிரப்பிய வாளியைத் தொங்கவிட்டுத் தலையைத் தூக்கித் தூக்கி இறக்கினான். கட்டில் விளிம்பில் தலைகீழாகத் தொங்கினான். கண்ணாடியில் கழுத்து காளைமாட்டுக் கழுத்தாகத் தெரிந்தது. நேற்று, கடைசி நாளாயிற்றே என்று வாளியில் இன்னும் கொஞ்சம் இரும்பு போட்டான். அதன் பலன்தான் இது.

உடற்பயிற்சிக் கூடத்தில் ஆண்கள் சட்டையில்லாமல் வரிசையில் நின்றார்கள். சார்ஜென்ட் ப்ரூவர் கையில் டேப்போடு இருந்தார். அளவை எழுத ஓர்ட்டெகா என்ற கார்ப்பரல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன டிஸ்டேல், அங்க யாரைப் பாக்குற? நாங்க இங்க இருக்கோம்பா!"

"சும்மாதான்" என்றான் லமார், சுவரைப் பார்த்தபடி.

ப்ரூவர் டேப்பைக் கழுத்தில் சுற்றப் போய் நின்றார். "நேராப் பாரு."

"பாத்துட்டுத்தான் இருக்கேன், சார்ஜென்ட்."

"என்னைப் பாருடா."

லமார் உடம்பு மொத்தத்தையும் திருப்பி அவரைப் பார்த்தான். வரிசையே சிரித்தது.

"பல்லி திரும்புற மாதிரில்ல திரும்புறான்!" என்றான் ஓர்ட்டெகா.

ப்ரூவர் சிரிக்கவில்லை. "தலை நேரா இருக்கணும், பார்வை நேரா இருக்கணும். விதி அது. இப்படி அளந்தா டேப் கோணலா நிக்கும். நான் கையெழுத்துப் போட முடியாது. வேணும்னா டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டு வா, அடுத்த மாசம் அளக்கறேன்."

"அடுத்த மாசம்னா பள்ளிக்கூட இடம் போயிடுமே, சார்ஜென்ட்."

"போயிடும். மத்தியானத்துக்குள்ள பேர் குடுத்தாகணும்." அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "கடைசி ஆள் முடியுற வரைக்கும் இங்கதான் இருப்பேன். கழுத்தை நேராக்கிட்டு ஓடி வா."

லமார் ஓடினான். பார்வை இடதுபக்கம், கால்கள் நேரே. அவன் மனைவி ரெனிட்டா வேலை செய்யும் முடி அலங்காரக் கடை முகாமுக்குள்ளேயே, மளிகைக் கடைக்கு அடுத்து இருந்தது. கதவில் தோளை இடித்துக்கொண்டு உள்ளே போனான். ரெனிட்டா ஓர் அம்மாளின் தலையில் சுருள் கட்டிக்கொண்டிருந்தாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாளியா?"

"வாளிதான், செல்லம்."

"நான் அப்பவே சொன்னேன்ல? மாடு கூட அவ்வளவு பாரம் இழுக்காது."

"அப்புறம் திட்டு. இப்ப ஏதாவது பண்ணு. சார்ஜென்ட் கிளம்பிடுவாரு."

"இந்தப் பக்கம் கூட நீ அழகாத்தான் இருக்கே, அப்படியே விட்டுடலாமா?"

நாற்காலியில் இருந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "முதல்ல அவரைப் பாரும்மா. என் முடி எங்கயும் ஓடிடாது."

தலை அலசும் நாற்காலியில் அவனைச் சாய்த்து, தொட்டியின் வளைவில் கழுத்தைப் பொருத்தினாள் ரெனிட்டா. சூடு தாங்குகிற அளவுக்கு வெந்நீரைத் திறந்துவிட்டாள். கட்டைவிரலால் காதின் அடியிலிருந்து தோள்வரை மெல்ல நீவினாள். லமார் முதலில் கத்தினான், பிறகு முனகினான், பிறகு சத்தமே இல்லை.

"தூங்கிடாத. பள்ளிக்கூடம் போகணும்."

"கிடைக்கலன்னா?" என்றான் கண்ணை மூடிக்கொண்டே. "அப்பவும் இதே பழைய லாரி, அதே பையன்க. என்னைப் பாத்து 'சார்ஜென்ட்'னு ஒருத்தன் சொல்லிக் கேக்கணும், ரெனிட்டா. ஒருத்தனாவது."

 அவள் இன்னும் கொஞ்சம் அழுத்தி நீவினாள். பிறகு தாடையைப் பிடித்து, குழந்தையின் முகத்தைத் திருப்புவதுபோல மெதுவாகத் திருப்பினாள். வந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினாள். அதுவும் வந்தது. தலைகீழாக அவள் முகம் நேருக்கு நேர் தெரிந்தது.

"போ, ஓடு. வழியில யாரு கூப்பிட்டாலும் திரும்பாத!"

அவன் திரும்பி வந்தபோது கூடம் காலி. ஓர்ட்டெகா ஆப்பிள் தின்றுகொண்டிருந்தான். ப்ரூவர் பையைத் தோளில் மாட்டியிருந்தார். அவனைப் பார்த்ததும் பையை இறக்கினார்.

"நேரா நில்லு. மூச்சை இயல்பா விடு. வயித்த எக்காத, எனக்குத் தெரியும்."

முதலில் கழுத்து. மூன்று முறை அளந்தார். ஓர்ட்டெகா எழுதிவிட்டு வசந்த காலத்துத் தாளைப் புரட்டினான். "அதே அளவு" என்றான்.

"எதோட அதே அளவு?"

"போன தடவையோட. ஒரு நூல்கூட ஏறல."

லமார் தாளை எட்டிப் பார்த்தான். எத்தனை சாயங்காலம்! எவ்வளவு இரும்பு! ப்ரூவர் அதற்குள் தொப்புளுக்கு நேராக டேப்பைச் சுற்றினார். படித்தார். புருவத்தைச் சுருக்கினார். அவிழ்த்து மறுபடி சுற்றினார்.

"வயிறு இவ்வளவு இறங்கியிருக்கே! சாப்பிடறதே இல்லையா நீ?"

"சாப்பிடறேனே."

"ராத்திரிக்கு?"

லமார் யோசித்தான். வயிறு நிறையத் தின்றுவிட்டுத் தலைகீழாகத் தொங்கினால் குமட்டும். முதல் வாரம் ஒரு நாள் வறுத்த கோழியையும் பீச் பழ அப்பத்தையும் தின்றுவிட்டுத் தொங்கியதில் கட்டிலடியைக் கழுவ வேண்டியதாயிற்று. அதிலிருந்து ராத்திரிக்கு ஒரு கிண்ணம் பீன்ஸோடு சரி. அப்பம் முழுவதும் ரெனிட்டாவுக்குத்தான்.

சொன்னான். ஓர்ட்டெகா மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தான். ப்ரூவரும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே மூன்றாவது முறையும் அளந்து, அட்டவணையில் விரலை ஓட்டினார்.

"தேறிட்ட. நல்லாவே தேறிட்ட. திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போ."

லமாரின் முகம் மலர்ந்தது.  இருந்தாலும் அவன் நகரவில்லை.

"இன்னும் என்ன?"

"கழுத்தை இன்னொரு தரம் அளங்க, சார்ஜென்ட்."

"பாஸ் ஆயிட்டியேடா!"

"அது சரி. ஆனா அது கண்டிப்பாப் பெருத்திருக்கு. கையால தொட்டுத்தான் பாருங்களேன்."

ப்ரூவர் விளக்கை அணைத்துவிட்டு அவனை வாசல்வரை தள்ளிக்கொண்டு போனார். படியிறங்கும்போதும் லமார் ஒரு கையால் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேதான் போனான்.