கடல்காற்றும் வீட்டுப் பூனையும்

திருக்கொச்சி சர்க்கார் குமாஸ்தா வள்ளிநாயகம் பிள்ளை, லீவு கிடைத்தால் மீன்பிடிக்கும் கபிரியேலின் வள்ளத்தில் ஏறி, முட்டம் கடலுக்குள் கிடக்கும் பாறைத்தீவுக்குப் போய்விடுவார். வீட்டில் சொல்லும் காரணம் கடல்காற்று. அங்கே அவருக்குக் கிடைப்பதோ கபிரியேல் சுட்டுத் தரும் சாளை மீன். கருவாட்டு வாடை அடித்தாலே தெருவை மாற்றி நடக்கும் சைவக் குடும்பம் அவருடையது.

இந்தத் தடவை மனைவி அழகியநாயகியும் கூடவே கிளம்பிவிட்டாள். பிள்ளை கண்ணைக் காட்ட, கபிரியேல் மீனைத் தொடாமல் மரச்சீனிக் கிழங்கை மட்டும் அவித்தான். அலையில் நனைந்து, பாறையில் வழுக்கி விழுந்து, நல்ல பசியோடு உட்கார்ந்தும் பிள்ளைக்குக் கிழங்கு தொண்டையில் இறங்கவில்லை. வள்ளத்திலிருந்த மீன் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிழங்குக்கு மீன் இல்லியா, கபிரியேலு?" என்று கேட்டாள் அழகியநாயகி.

பிள்ளைக்குப் புரையேறியது. "என்ன பேச்சுட்டி இது? நாம சைவமாக்கும்!"

"சைவந்தான். நீங்க கடல்காத்து வாங்கிட்டு வாற அன்னைக்கெல்லாம், நம்ம பூனை பால்சோத்தை விட்டுட்டு ஒங்க கையைல்லா நக்கிட்டுக் கெடக்கு!"

கபிரியேல் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்பை ஊதினான். மீன் வெந்து இலைக்கு வந்தது. பிள்ளை தலை நிமிராமல் கையை நீட்டினார்.

"ஒரு துண்டு மிச்சம் வையுங்க," என்றாள் அழகியநாயகி. "பாவம், அதுக்கு எத்தனை நாளு வெறுங்கையையே குடுப்பீங்க?"