நாக்கு செத்துப்போச்சு

அச்சகம் வைத்திருக்கும் அவரைக் குடும்பத்தில் எல்லோரும் ‘ஜட்ஜ்’ என்றுதான் சொல்வார்கள். கோர்ட் வாசலை மிதித்த மனிதர் இல்லை. தீர்ப்பெல்லாம் சாப்பாட்டு மேஜையில்தான். எந்த உணவகத்துக்குப் போனாலும் முதல் வாய் அவருடையது. அவர் மென்று விழுங்கி, புருவத்தை உயர்த்துகிறாரா சுருக்குகிறாரா என்று பார்த்த பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள். "சாஸ்ல மாவு தூக்கல்", "இந்தக் கோழி செத்து ரெண்டு நாள் ஆச்சு" என்று பரிமாறுகிறவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார். நரம்பில்லாத நாக்கு எப்படி வேண்டுமானாலும் பேசும் என்று முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பவர்கள்கூட, வெளியே சாப்பிடப் போவதென்றால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்த நாக்குதான் இப்போது வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தது.

ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது ருசியையும் வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. "வரலாம். நாளாகலாம். பொறுமையா இருங்க" என்று டாக்டர் தோளைத் தட்டி அனுப்பினார். அன்றிலிருந்து ஜட்ஜுக்குக் காப்பியும் வெந்நீரும் ஒன்று, மீனும் அச்சகத்து அட்டையும் ஒன்று. யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம் ஒரு காரணம். இன்னொரு காரணம் மனைவி. அதற்கு அப்புறம் வருகிறேன்.

மனைவியின் தம்பி ஒரு பெரிய ஓட்டலில் சமையல் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக உணவகம் தொடங்கியிருந்தான். மறுநாள் திறப்பு. முந்தின நாளே ருசி பார்க்க இருவரையும் அங்கே வரவழைத்திருந்தான். காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் சாப்பிடுகிற பிரன்ச்தான் அங்கே விசேஷம். மெனு அட்டை அச்சாவது ஜட்ஜின் மெஷினில். எந்தப் பதார்த்தம் அதில் ஏறவேண்டும், எது இறங்கவேண்டும் என்பதும் ஜட்ஜ் வாயில்தான்.

"மாமா, முகதாட்சண்யமே பாக்காதீங்க. நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு சொல்லிடுங்க. நீங்க ஓகே சொன்னாத்தான் நாளைக்குக் கதவைத் திறப்பேன்" என்றான் மைத்துனன். சட்டை புதிது. கண்ணில் தூக்கமில்லை.

பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை என்று மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஜட்ஜும் அவளைப் பார்த்து, ஒரு நொடி தாமதமாக, மூக்கைப் பொத்திக்கொண்டார்.

மேஜை விரிப்பைத் தடவியபடி மனைவி தம்பியிடம் பெருமை பேச ஆரம்பித்தாள். "உங்க மாமா முன்ன மாதிரி இல்லடா. ஆளே மாறிட்டார். ஒரு குத்தம் கிடையாது, குறை கிடையாது. வச்சதைத் தட்டை வழிச்சு சாப்பிடறார். அன்னிக்கு மீன் பொரிச்சேன், இன்னொரு துண்டு வைன்னு அவராவே கேட்டார்டா!"

"மாமாவா?"

"அதான் சொல்றேனே."

கல்யாணமான நாளிலிருந்து அவள் சமையலுக்குக் கிடைத்ததெல்லாம் புருவச் சுருக்கம்தான். இந்தக் கொஞ்ச நாளாகத்தான் அவள் பரிமாறும்போது லேசாகச் சிரிக்கிறாள். ஜட்ஜ் குனிந்து முள்கரண்டியைத் துடைத்தார். சொல்லாமல் இருந்ததற்கான இன்னொரு காரணம் இதுதான்.

முதலில் எக்ஸ் பெனடிக்ட் வந்தது. வட்ட ரொட்டி, அதன்மேல் கொதிநீரில் உடைத்துவிட்டு எடுத்த முட்டை, அதற்கு மேல் வெண்ணெயும் மஞ்சள் கருவும் எலுமிச்சையும் சேர்த்து அடித்த சாஸ். ஜட்ஜ் வாயில் போட்டார். வழவழவென்று ஏதோ ஒன்று, சொரசொரவென்று ஏதோ ஒன்று. அவ்வளவுதான் தெரிந்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. எங்கே போவது?

மனைவி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மைத்துனனும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் யார் முகத்தைப் பார்ப்பது?

"அடிச்ச பதம் கச்சிதம் மாப்ள" என்றார். பதம் கண்ணுக்கே தெரிந்தது, அதனால் பொய்யில்லை. "புளிப்பும் அளவா இருக்கு" என்று கூடவே ஒட்டவைத்தார். அது பச்சைப் பொய்.

மனைவி ஒரு வாய் எடுத்தாள். அவள் கண் லேசாகச் சுருங்கியது. பிறகு கணவரைப் பார்த்து, "ஆமா, அளவாத்தான் இருக்கு" என்றாள்.

அடுத்து பானங்களோடு மைத்துனனின் கூட்டாளி வந்தான். காக்டெயில் கலப்பது அவன் வேலை. உலோகக் குவளையை ஓயாமல் குலுக்கிக்கொண்டே இருப்பதால் ‘குலுக்கி’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பான்.

"சார், இது மிமோசா. ஆரஞ்சும் நுரை ஒயினும்."

நுரை நாக்கில் பொடிப்பொடியாக வெடித்தது. தெரிந்த ஆளைச் சந்தையில் பார்த்ததுபோல் ஜட்ஜுக்குச் சந்தோஷமாகிவிட்டது. "நுரை நல்லா நிக்குது!" என்றார். தக்காளிச் சாற்றில் வோட்காவும் மிளகு சாஸும் விட்ட பிளடி மேரியில் காரம் தொண்டையில் சுட்டது. "காரம் இருக்கு" என்றார். இரண்டும் சத்தியமான தீர்ப்புகள். நெஞ்சில் தைரியம் வந்துவிட்டது. வராமல் இருந்திருக்கலாம்.

மூன்றாவது, எலுமிச்சைக் காக்டெயில். கண்ணாடிக் குவளையின் விளிம்பில் வெள்ளையாக ஒரு பொடி. அங்கே உப்புத்தான் தடவுவார்கள் என்பது ஜட்ஜுக்குத் தெரியும். நக்கிப் பார்த்துவிட்டு, "உப்பு சும்மா நச்சுன்னு இருக்கு" என்றார்.

மனைவி விளிம்பை நுனிநாக்கால் தொட்டுப் பார்த்தாள். "உப்பா?" என்று ஆரம்பித்தவள், வாயை மூடிக்கொண்டாள். இந்தக் காலத்து உப்பு இப்படி இருக்கும்போல என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

கடைசியாக மைத்துனன் தன் கையாலேயே பிரெஞ்ச் டோஸ்ட்டைக் கொண்டுவந்து வைத்தான். முட்டையிலும் பாலிலும் ஊறவைத்துப் பொன்னிறமாக வாட்டிய ரொட்டி, ஓரத்தில் வாழைப்பழத் துண்டுகள், மேலே பொடித்த சர்க்கரை தாராளமாக. "இதுதான் மாமா என் துருப்புச்சீட்டு. மத்ததெல்லாம் போனாலும் இது நிக்கணும்."

ஜட்ஜ் பெரிய துண்டாகவே வெட்டினார். மைத்துனன் முகத்தைப் பார்த்தார். இவ்வளவு ஆசையோடு ஒருவன் நிற்கும்போது கஞ்சத்தனம் கூடாது என்று தோன்றியது.

"மாப்ள... தேன் மாதிரி இருக்குடா! இந்த இனிப்புக்காகவே கூட்டம் வரும். மெனுவுல முதல் வரியில இதைப் போடறேன்."

இன்னொரு துண்டையும் வெட்டி வாயில் போட்டுக்கொண்டார். மனைவி ஒரு துண்டு எடுத்தாள். அவள் முகம் கோணிக்கொண்டது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தண்ணீரைத் தேடினாள். மைத்துனன் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டான். போட்ட வேகத்தில் கைக்குட்டையில் துப்பினான்.

ரொட்டிமேல் கிடந்தது உப்பு. குலுக்கி தன் விளிம்பு உப்பையும் மைத்துனன் தன் பொடிச் சர்க்கரையையும் ஒரே மாதிரி டப்பாவில் கொட்டி, ஒரே அலமாரியில் வைத்திருந்தார்கள். அங்கே போகவேண்டியது இங்கே, இங்கே வரவேண்டியது அங்கே. குலுக்கி இரண்டு டப்பாவையும் தூக்கிவந்து மேஜையில் வைத்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான்.

சாதாரணமாக இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். மைத்துனன் சிரிக்கவில்லை. ஜட்ஜையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"தேன் மாதிரி இருக்கா மாமா?"

"இல்லடா, அது வந்து..."

"உண்மையைச் சொல்லுங்கன்னு கேட்டேன். திட்டியிருக்கலாம், தட்டைத் தூக்கி எறிஞ்சிருக்கலாம். இப்படிக் குத்திக் காட்டணுமா? அப்போ ‘புளிப்பு அளவா இருக்கு’ன்னதும் கிண்டல்தான். ‘உப்பு நச்சுன்னு இருக்கு’ன்னதும் கிண்டல்தான். ஒண்ணுகூட தேறலன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டீங்க." அவன் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்தான். "குலுக்கி, நாளைக்கு வேண்டாம். கதவுல எழுதி ஒட்டிடு."

ஜட்ஜுக்கு ஒன்றும் புரியவில்லை. திட்டும்போது கோபித்துக்கொள்ளாத பையன், வாழ்க்கையில் முதல்முறையாக மனதாரப் புகழ்ந்தால் கடையை மூடுகிறேன் என்கிறான். இவர் வாய் நல்லதைச் சொல்லும் என்று நம்ப இந்தக் குடும்பத்தில் ஓர் ஆள் இல்லை. அப்படித்தானே வளர்த்து வைத்திருக்கிறார்! வினை விதைத்தவன் வினைதானே அறுப்பான்.

பையன் வாழ்க்கையா, தன் மானமா? யோசிக்க நேரமில்லை. எழுந்து நின்று உடைத்துவிட்டார்.

"கிண்டல் இல்லடா! எனக்கு நாக்கு செத்துப்போச்சு!"

இதைக் கேட்டதும் மைத்துனன் முகம் மாறவில்லை. மனைவியின் முகம்தான் மாறியது.

"என்ன சொன்னீங்க?"

"நாக்கு செத்துப்போச்சுடி. கொஞ்ச நாளாவே."

"ஓ! என் சமையலைச் சாப்பிட்டு நாக்கு செத்துப்போச்சா? வாய்க்கு ருசியா எதுவும் கிடைக்கலையா? அதனாலதான் உப்பைக் கொட்டிக் கொடுத்தாக்கூட தேனா இருக்கோ?"

"ஐயோ, அந்தச் செத்துப்போச்சு இல்லடி..."

"வேற எத்தனை செத்துப்போச்சு இருக்கு?"

ஊரில் பத்தியச் சாப்பாடு சாப்பிட்டவன், ஆஸ்பத்திரிக் கஞ்சி குடித்தவன், ஹாஸ்டல் பையன் எல்லோரும் சேர்ந்து இந்த வார்த்தையைத் தேய்த்துவிட்டார்கள். நிஜமாகவே நாக்கு செத்தவன் சொல்ல ஒரு வார்த்தை மிச்சமில்லை.

குலுக்கி கொண்டுவந்து வைத்த இரண்டு டப்பாவையும் ஜட்ஜ் தன் பக்கம் இழுத்தார். "மாப்ள, நான் கண்ணை மூடிக்கறேன். மாத்தி மாத்தி வை."

மைத்துனன் வேண்டாவெறுப்பாக மாற்றி வைத்தான். ஜட்ஜ் ஒன்றிலிருந்து ஸ்பூன் நுனியில் எடுத்து வாயில் போட்டார். பிறகு மற்றதிலிருந்து. திரும்பவும் முதலிலிருந்து. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. கண்ணைத் திறந்து, பரீட்சையில் விடை தெரியாத பையனைப்போல் மூவரையும் பார்த்தார்.

"எது எதுன்னு தெரியலடா. ரெண்டும் மணல். அந்தக் காய்ச்சல்லேர்ந்து இப்படித்தான்."

அவர் முழு ஸ்பூன் உப்பை அள்ளப்போனதும் மைத்துனன் பாய்ந்து கையைப் பிடித்தான். "போதும் மாமா, போதும்." பிடித்த கையை விடவில்லை. "முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

அவிழ்த்த ஏப்ரனை அவன் மறுபடி இடுப்பில் கட்டிக்கொண்டதைப் பார்த்து ஜட்ஜுக்கு மூச்சு வந்தது. பிறகு பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பினார்.

மனைவி விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து நீவிக்கொண்டிருந்தாள்.

"அப்போ அந்த மீன்?" என்று கேட்டாள்.

ஜட்ஜ் மறுபடி முள்கரண்டியைத் துடைத்தார்.

"இன்னொரு துண்டு வைன்னு கேட்டீங்களே."

"கேட்டேன்."

"இத்தனை வருஷத்துல ஒரு தடவை. அதுவும் நாக்கு செத்த பிறகுதான்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"முதல் துண்டைச் சத்தமில்லாம சாப்பிட்டேன்ல, அப்போ நீ சிரிச்ச" என்றார். "அதை இன்னொரு தடவை பாக்கலாம்னு கேட்டேன். ருசிக்கு இல்ல."

இதற்குக் கோபப்படுவதா, வேறு ஏதாவது செய்வதா என்று தெரியாமல் மனைவி அவரையே பார்த்தாள். மைத்துனன் மெல்ல பெனடிக்ட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

"அக்கா, நீ சொல்லு. நாளைக்கு வைக்கலாமா?"

"எனக்கு என்னடா தெரியும்? சாப்பிடும்போது இவர் மூஞ்சியைத்தானே பாப்பேன். இவர் புருவம் என்ன சொல்லுதோ அதான் ருசி."

"பாக்காம சாப்பிடு."

அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒரு வாய் எடுத்தாள். பழக்கதோஷத்தில் ஜட்ஜ், "அந்தச் சாஸ் வந்து..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க பேசாதீங்க."

தீர்ப்புக்காக இந்தப் பக்கம் உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை. கையை எங்கே வைப்பதென்றுகூடத் தெரியவில்லை.

"புளிப்பு ஜாஸ்தி" என்றாள் கண்ணைத் திறக்காமல். "எனக்குப் பிடிக்கல." சொல்லிவிட்டு அவளே ஆச்சரியப்பட்டு, "பிடிக்கலடா" என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். மைத்துனன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினான். குலுக்கி கழுவின குவளைகளோடு பின்னாலேயே போனான்.

மேஜையில் இருவர் மட்டும் இருந்தார்கள். ஜட்ஜ் டப்பாக்களை ஓரமாக நகர்த்திவிட்டுக் கேட்டார்.

"அன்னிக்கு அந்த மீன்... எப்படி இருந்துச்சு?"

அவள் உடனே அவர் புருவத்தைப் பார்த்தாள். பிறகு பார்வையைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டாள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றாள்.