ஐஸ் வாங்கப் போன நேரம்

ஐஸ் வாங்கப் போய்த் திரும்ப எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. எட்டு நிமிடம் என்று ஒரு நாள் தோன்றுகிறது. இருபது என்று இன்னொரு நாள். கடையில் யாரோடாவது நின்று பேசினேனா என்பதும் மறந்துவிட்டது. இரண்டு விஷயங்களில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. கியரைப் போட்டது நான். சாவி அபூபக்கரின் கழுத்தில் இருந்தது.

நானும் அபூபக்கரும் பதினொரு வருடங்களாக ஜொகூரில் ஒரு மரினாவில், பணக்காரர்களின் படகுகள் கட்டி நிற்கும் துறையில், போட்டுகளின் அடிப்பாகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தோம். இங்கே கடல் எப்போதும் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஒரு போட் மூன்று வாரம் அசையாமல் நின்றால் போதும், அடியில் பாசி பிடித்து, அதன் மேல் தெரித்திப் என்கிற ஒட்டுச்சிப்பி முளைத்துவிடும். சுண்ணாம்புக் கூடு, மிளகளவுதான். விட்டுவைத்தால் நகத்தளவு வளரும், கையைக் கிழிக்கும். போட்டின் வேகம் பாதியாகும், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் போகும் துளை அடைபடும்.

அபூபக்கர் முங்குவார். நான் மிதவை மேடையில் கம்ப்ரசர் பக்கத்தில் நின்று அவருடைய காற்றுக் குழாயைப் பிடித்திருப்பேன். குழாயை ஒருமுறை இழுத்தால் நலம், மூன்று முறை இழுத்தால் மேலே தூக்கு. பின்பக்க விசிறியைச் சுரண்டும்போது கை பட்டு அது சுற்றினால் பிடி கிடைக்காது. அதனால் நான் போட்டில் ஏறிக் கியரைப் போட்டுவிடுவேன், விசிறி இறுகி நிற்கும். கியர் போட்டிருக்கும்போது யாராவது எஞ்சினைக் கிளப்பினால் விசிறி அந்த நொடியே சுற்றும் என்று எங்களுக்குத் தெரியும். அதற்காகத்தான் சாவி. நைலான் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குவார்.

"ஜன்னத் கழுத்துல கருகமணி, என் கழுத்துல இது. ரெண்டு பேரும் கழட்ட மாட்டோம்" என்பார், மனைவியையும் சேர்த்து.

குணாளனின் போட் மூன்று வருடமாக அடிச்சாயம் காணாதது. அந்தச் சாயத்தில் உள்ள நஞ்சுதான் தெரித்திப்பைக் கொஞ்சமாவது தள்ளிவைக்கும். சிங்கப்பூரில் பெரிய வேலையில் இருந்த அவர், நான்கு மாதமாகப் போட்டை அசைக்கவும் இல்லை. நான் ஐஸ் வாங்கப் போன அன்று காலை அபூபக்கர் ஒருமுறை முங்கி எழுந்து முகமூடியைத் தூக்கினார். வாலண்டைன் என்ற என் பெயர் அவர் வாயில் வாலாதான்.

"அலமாக். வாலா, இது போட் இல்லடா, பாறை. பெர்மாஸ் ஜெயா கடைத்தெரு வரைக்கும் கடை போடலாம், அவ்வளவு சிப்பி இருக்கு."

"மத்தியானம் ஆகுமா பாய்?"

"ஆகும். விசிறிய கடைசியா பாத்துக்கலாம்."

பதினொரு மணிக்கு அவர் விசிறிக்குப் போனார். நான் கியரைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் குணாளன் நான்கைந்து விருந்தாளிகளோடு வந்துவிட்டார். சொன்ன நேரம் இரண்டு மணி.

"என்ன வாலண்டைன், இன்னும் முடியலையா?"

"பாய் கீழ இருக்காரு பாஸ். விசிறியில. அரை மணி நேரம்."

"அரை மணி நேரமா? எத்தன வருஷமா இந்த வேலை செய்யறீங்க? பல்லு வெளக்கற மாதிரி மெதுவா செய்யறீங்க." விருந்தாளிகள் சிரித்தார்கள். "சரி, சும்மாதான நிக்கற. போய் ரெண்டு மூட்ட ஐஸ் வாங்கிட்டு வா."

குழாயைப் பிடிப்பவன் இடத்தை விட்டு நகரக் கூடாது. மரினா விதியும் அதுதான், எங்கள் விதியும் அதுதான். நான் குழாயைக் கம்பத்தில் கட்டிவிட்டுப் போனேன். ஏன் போனேன் என்று எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். யோங் பெங் பக்கம் தோட்டத்தில் கூலி வேலை செய்த என் அப்பா, மேலதிகாரிகள் கூப்பிட்டால் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து ஓடுவார். அதைப் பார்த்து எனக்கு அவர்மேல் வெறுப்பு வந்திருக்கிறது. ஐஸ் வாங்கி வா என்றதும் என் கால் அவர் கால் மாதிரியே எழுந்துவிட்டது. சாவி பாய் கழுத்தில் இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது எஞ்சின் சத்தம் கேட்டது. ஐஸை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். கட்டியிருந்த கயிறுகள் விறைத்து, போட் முன்னால் திமிறிக்கொண்டிருந்தது. குணாளன் ஸ்டீயரிங் முன்னால் கையைப் பிசைந்தபடி நின்றார். அவரைத் தள்ளிவிட்டு எஞ்சினை அணைத்தது நான். அப்போது என் விரலில் பட்ட சாவி புதியது, தோல் வளையத்தில் அவருடைய கார் சாவியோடு தொங்கியது.

"ஏர்கான் போடலாம்னுதான் லா..." என்றார்.

அபூபக்கரின் வலது கையில் மூன்று விரல்கள் போயின.

மருத்துவமனையில் நர்ஸ் அவர் பொருள்களை உள்ளே தெரியும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை ஸ்டேப்பிள் அடித்து, பெயரும் நேரமும் எழுதிய சீட்டை ஒட்டி என்னிடம் கொடுத்தாள். அவர் மனைவி ஜன்னத்துல் பிர்தௌஸ் அழுதுகொண்டே பைக்குள் பார்த்தார்.

"மோதிரம் மட்டும்தான் எங்களோடது. அந்தச் சாவி வேண்டாம். மொத்தமா நீங்களே வெச்சிருங்க, அவர் எழுந்ததும் கேக்கலாம்."

பையைப் பிரிக்காமல் வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

நான்காம் நாள் மரினா அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். பையையும் எடுத்துக்கொண்டு போனேன். மேலாளர் ஷர்மைன் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். குணாளன் ஜன்னலோரம் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். முங்கியவர் சாவியை எடுக்க மறந்துவிட்டார், சாவி போட்டிலேயே இருந்தது, அதனால் விபத்து அவர் கவனக்குறைவால் நடந்தது என்று தாளில் இருந்தது. கீழே என் பெயர், கையெழுத்துக்குக் கோடு.

"இந்தப் போட்டுக்கு ஒரே சாவிதான் வாலண்டைன். மிஸ்டர் குணாளன் சொல்லிட்டாரு" என்றார் ஷர்மைன். "நீங்க சைன் பண்ணுங்க. அபூபக்கர இனி உள்ள விட முடியாது, ரூல்ஸ். நீங்க வேற ஆள வெச்சு வேலைய தொடரலாம். எல்லா போட்டும் உங்களுக்குத்தான்."

நான் தாளில் என் பெயர் இருந்த இடத்தைப் பார்த்தேன். வெளியே யாரோ போட்டைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தால் நாக்கு கட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான். குணாளன் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டார்.

"யோசிக்க என்ன இருக்கு? நம்ம ஆளுங்களுக்கு இதான் பிரச்சன. நல்லது செஞ்சாலும் முழிப்பாங்க."

நம்ம ஆளுங்க. அந்த வார்த்தைதான் என் நாக்கை அவிழ்த்தது. பையை எடுத்து மேசையில் வைத்தேன். ஸ்டேப்பிள் அப்படியே இருந்தது. ஈரம் காய்ந்து உப்பு வெள்ளையாகப் படிந்திருந்த நைலான் கயிறு, அதில் சாவி. சீட்டில் மோதிரம் ஒன்று, சாவி ஒன்று என்று மலாயில் நர்ஸின் கையெழுத்து, விபத்து நடந்த நாள், மத்தியானம் பன்னிரண்டு நாற்பது.

"இது பாய் கழுத்துல இருந்து நர்ஸ் கழட்டினது. ஒரே சாவின்னா நீங்க எத வெச்சு எஞ்சின கெளப்பினீங்க பாஸ்? உங்க கார் சாவிய வெளிய எடுங்க, மிஸ் பாக்கட்டும்."

ஷர்மைன் சீட்டைப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். குணாளனின் கை தன் சட்டைப்பைக்குப் போய் அங்கேயே நின்றது.

"சரி" என்றார் குணாளன். "சாவி கெடக்கட்டும். நீ எங்க இருந்த? கொழாய புடிக்கறவன் அங்க இருந்திருந்தா நான் கெளப்பியிருப்பேனா? சொல்லு, எங்க போன?"

அவர் அதைக் கேட்பார் என்று எனக்குத் தெரியும். கேட்டால் நான் சொல்ல வேண்டும், சொன்னால் இந்த மரினாவில் எனக்கு இடமில்லை என்பதும் தெரியும்.

"ஐஸ் வாங்கப் போனேன். நீங்க போகச் சொன்னீங்க. நான் போயிருக்கக் கூடாது. கியர போட்டதும் நான்தான். பாய் கீழ இருக்காருன்னு உங்களுக்குச் சொல்லிட்டுத்தான் போனேன். எஞ்சின கெளப்பினது நீங்க."

தாளைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் இதை அப்படியே என் கையால் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். ஷர்மைன் அதையும் சீட்டையும் போனில் படம் எடுத்துக்கொண்டார். குணாளன் வெளியே போனார்.

விபத்து அபூபக்கரின் தவறு என்று எங்கும் எழுதப்படவில்லை. அவருக்கு இழப்பீடு கிடைத்தது. இப்போது பெர்மாஸ் ஜெயாவில் மைத்துனரின் உணவுக்கடையில் கல்லாவில் உட்கார்ந்து, இடது கையால் சில்லறை கொடுக்கிறார். ஜன்னத்துல் பிர்தௌஸ் அதே கடையில் சமைக்கிறார். இடத்தை விட்டுப் போனதற்காக என்னை அந்த வாரமே மரினாவிலிருந்து நிறுத்திவிட்டார்கள், நான் தம்போயில் ஒரு டயர் பட்டறையில் வேலை செய்கிறேன். மாதத்தில் ஒருமுறை அந்தக் கடைக்குப் போவேன். பாய் தேநீர் அனுப்புவார், என்னோடு அதிகம் பேசமாட்டார். ஷர்மைன் அந்த வேலையை விட்டுவிட்டார். குணாளன் போலீஸில் வாக்குமூலம் கொடுத்து, அபராதம் கட்டி, வேறொரு மரினாவில் இதைவிடப் பெரிய போட் வைத்திருக்கிறார். பழைய போட் விலை போகாமல் அதே இடத்தில் நிற்கிறது, அதன் அடியை யாரும் சுரண்டுவதில்லை.