பாப்பாவை இறக்கிய தண்ணீர்

ரப்பர் மரங்களுக்குச் சுண்ணாம்பால் எண் போடுவதுதான் தோட்டத்தில் பத்துமலைக்கு வேலை. ஞாயிறானால் விடியுமுன் லுமுட் கடற்கரைக்கு நடந்துவிடுவான். கையில் அட்டை, கரித்துண்டு, துணிக்குப் போடும் நீலம், கொஞ்சம் மஞ்சள். பாறையில் குந்திக் கடலை வரைவான். பைத்தியம் பிடித்துவிட்டது என்று கூலிகள் குடியிருந்த லயமே சிரித்தது. சிரிக்கிறவர்களுக்கு என்ன, அவர்கள் பறிகொடுத்த பிள்ளைகள் மண்ணில்தான் கிடந்தன.

மூன்று வருடத்துக்கு முன், 1923இல், நாகப்பட்டினத்தில் கப்பலேறிய ஐந்தாம் நாள் மகள் பாப்பா காய்ச்சலில் போய்விட்டாள். கோணியில் சுற்றிக் கடலில் இறக்கினார்கள். பத்துமலை அதே காய்ச்சலில் கப்பலின் அடித்தளத்தில் நினைவில்லாமல் கிடந்தான். மேலே நின்றவள் அவன் மனைவி வீரம்மா ஒருத்திதான். திதி வந்தால் குழிமேட்டில் பால் ஊற்றவேண்டும். குழி ஏது?

"அந்தத் தண்ணியவாச்சும் படமா எழுதிக் குடுங்க. அதுக்கு முன்னால பால வைக்கிறேன்" என்று கேட்டாள்.

கடல் பிடிகொடுக்கவில்லை. காலையில் சேற்று நிறம், வெயில் ஏறினால் பச்சை, ஒரு மேகம் குறுக்கே போனால் கறுப்பு. நீலத்தைக் குழைத்து முடிப்பதற்குள் வேறு கடலாகியிருக்கும். "கொஞ்சம் சும்மா இரேன், சனியனே" என்று வாய்விட்டே திட்டுவான். ஆனாலும் கண்ணை எடுக்கமாட்டான். அன்று பார்க்காமல் விட்டதையும் சேர்த்துப் பார்த்தான்.

பொழுது சாய வீடு வந்து அட்டையை நீட்டுவான். "இது இல்லங்க" என்பாள் வீரம்மா. முப்பத்தொரு அட்டை ஆயிற்று.

இந்தத் திதிக்கு முதல்நாள் அவளையே கூட்டிப்போனான்.

"அந்த நிறம் வந்ததும் சொல்லு புள்ள. ஒடனே புடிச்சிடுறேன்."

சேறு போய்ப் பச்சை வந்தது, பச்சை போய் ஈயம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் முகத்தைப் பார்த்தான். வெளிச்சம் மங்கும்போது உடைந்து அழுதாள்.

"எதைச் சரின்னு சொல்லுவேன்? கோணியத் தூக்குனப்பவே நான் கண்ண இறுக்கி மூடிக்கிட்டேங்க. சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு."

பத்துமலைக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. பெற்ற இருவரில் ஒருவர்கூட அந்தத் தண்ணீரைப் பார்க்கவில்லை.

மறுநாள் வீரம்மா, எழுதாத வெறும் அட்டையைச் சுவரில் சாய்த்து, அதன் முன் பாலை வைத்தாள்.