வெடிக்காத மலையின் திருநீறு

1

“சாம்பல்னு நெனச்சுத்தாங்க நெத்தியில பூசிக்கிட்டோம்.”

“எரிஞ்சுச்சா?”

“இல்லீங்க. காஞ்சதும் பொருக்குப் பொருக்கா உதிர்ந்துச்சு.”

1965இல், இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனை பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாவிடம் நான் பேசியது இது. கதை இங்கேதான் பிறந்தது. மீதியில் பாதி அவர் சொன்னது, பாதி நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: கடலுக்கு அப்பால், சுமாத்திராவில், தோபா என்றொரு…

[விட்டுவிட்டேன். அதில் ஆளே இல்லை.]

இரண்டாவது: பேச்சியம்மாவின் கணவர் செல்லசாமி, தேயிலைச் சரிவில் மழைநீர் வடியக் கான் வெட்டுகிறவர். பாறைகளை ஆராய வந்த அதிகாரிக்கு ஒருநாள் மண்வெட்டி தூக்கிப் போனார். வழியில் அதிகாரி தோபா எரிமலையைப் பற்றிச் சொன்னாராம். பூமிக்கடியில் பாறைக்குழம்பு ஆயிரமாயிரம் ஆண்டு சத்தமில்லாமல் சேர்ந்தது. ஒருநாள் அத்தனையும் வெளியே கொட்டியதும், தாங்க ஒன்றுமில்லாமல் நிலமே உள்ளே இறங்கியது. பள்ளம் ஏரியானது. சாம்பல் மலாயா வரை விழுந்தது.

(பெரிய வெடிப்புகள் நான்கு என்பதும், கடைசியது ஏறக்குறைய எழுபத்துநாலாயிரம் ஆண்டுக்கு முந்தையது என்பதும், அதன் சாம்பல் இந்தியாவிலும் கிடக்கிறது என்பதும் நான் வெகுகாலம் கழித்துப் படித்தவை. அதிகாரியின் வாயில் வைக்க ஆசைதான். அன்று அவருக்குத் தெரிந்திருக்காது.)

மறுவாரம் கானில் மாவுபோல் வெள்ளை மண் வந்தது. அந்த மலையின் சாம்பல்தான் என்று செல்லசாமி முடிவு கட்டிவிட்டார். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில், கோயில் தட்டில் திருநீறாக வைத்தார். மூன்று நாள் லயமே பூசிக்கொண்டது.

3

திரும்பி வந்த அதிகாரி நெற்றிகளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. (அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.) இங்குள்ள பாறையே உளுத்து இப்படி வெள்ளைக் களிமண் ஆகிறது, இந்த மலை எரிமலையே இல்லை என்றார்.

அடுத்த வீட்டு வேலாயிதான் விடவில்லை. “செல்லசாமியண்ணே, அடுத்த வெள்ளிக்குப் பிரசாதத்தையும் கான்லேயே வெட்டிட்டு வந்துருங்க.”

4

இங்கேதான் பேச்சியம்மா சொன்னதைச் சந்தேகித்தேன். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்ப இரு அரசுகளும் ஒப்பந்தம் போட்டிருந்த சமயம்; இந்தியா போக விண்ணப்பம் வாங்கி வந்திருந்தார் செல்லசாமி. அவர் அப்பா பிறந்த ஊரை இருவருமே பார்த்ததில்லை. கைநாட்டு வைக்கச் சொல்லும்போதெல்லாம், விரலில் கொழுந்துக் கறை என்பார் பேச்சியம்மா. ஐந்து வாரம் அப்படி. வாய் திறந்து மறுக்காதவர் திடீரென்று எப்படி மறுத்தார்…

செல்லசாமி படிவத்தைக் கிழிப்பதாக ஒரு முடிவு எழுதினேன். தலைமன்னாரில் கப்பல் ஏறுவதாக இன்னொன்று. [இரண்டையும் அடித்துவிட்டேன். பஸ்ஸில் நாங்கள் பேசியபோது சம்பவம் நடந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. கணவர் என்ன சொன்னார் என்று நான் கேட்பதற்குள் பேச்சியம்மா இறங்கிவிட்டார்.]

அதனால் அவர் சொன்ன இடத்தோடு நிறுத்துகிறேன். மீதி உங்களிடம்.

அதிகாரி வந்துபோன அன்று மாலை செல்லசாமி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். பேச்சியம்மா முந்தானையை நனைத்து அவர் நெற்றியில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தார். செல்லசாமி படிவத்தையும் மைப்பெட்டியையும் எடுத்து வைத்தார்.

பேச்சியம்மா விரலை நீட்டவில்லை.

“எங்கேருந்தோ வந்து விழுந்த மண்ணுன்னு சொன்னீங்க. இங்கயே உண்டானதுதானாம்.”

பிறகு மெதுவாக:

“என்னாங்க, நான் இங்கயே இருக்கேன். நீங்களும் இருங்க.”